இரு ஆட்சிகளுக்கு இடையே ஒரு முதல்வர்: தாமோதரம் சஞ்சீவய்யா

ஐதராபாத்தின் உசேன் சாகர் ஏரிக்கரையில் உள்ள பூங்காவுக்கு அவர் பெயர். விசாகப்பட்டினத்தில் இயங்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும், நெல்லூர் மாவட்டத்திலுள்ள அனல்மின் நிலையம் ஒன்றுக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. கட்டடங்களின் முகப்பில் நிலைபெற்றுவிட்ட தாமோதரம் சஞ்சீவய்யா, இந்திய மாநிலம் ஒன்றின் முதல்வர் பொறுப்பை ஏற்ற முதல் தலித். 1960 ஜனவரி 11 முதல் 1962 மார்ச் 12 வரை, 26 மாதங்கள் ஆந்திரப் பிரதேசத்தை ஆண்டார். அவருக்குப் பின் ஆந்திரத்திலும், 2014-இல் அதிலிருந்து பிரிந்த தெலங்கானாவிலும் இன்றுவரை இன்னொரு தலித் அந்தப் பொறுப்புக்கு வரவில்லை.

இந்த நீண்ட இடைவெளியை நாம் எப்படிப் புரிந்துகொள்வது? சஞ்சீவய்யாவின் வாழ்வைப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய எளிமையையும் நேர்மையையும் பேசுவதோடு நின்றுவிடுகிறார்கள். அவை உண்மையானவை, போற்றத்தக்கவை. ஆயினும் நமக்கு அதைவிடத் தேவையான பாடம் ஒன்று அவ்வாழ்வில் இருக்கிறது. ஆதிக்கச் சாதித் தலைவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டு தேங்கி நின்றபோது அவருக்கு நாற்காலி கிடைத்தது. அந்தத் தேக்கம் நீங்கியவுடன் அது திரும்பப் பெறப்பட்டது.

பெத்தபாடு முதல் சென்னை வரை

1921 பிப்ரவரி 14 அன்று, கர்னூல் அருகேயுள்ள பெத்தபாடு கிராமத்தில், மாலா சமூகத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்தில் சஞ்சீவய்யா பிறந்தார். பிறந்த சில நாள்களிலேயே தந்தையை இழந்தார். நிலமற்ற அக்குடும்பம் உறவினரின் ஆதரவிலும் உடலுழைப்பிலும் நாளைக் கடத்தியது. கர்னூலில் பள்ளிப் படிப்பையும் அனந்தப்பூர் அரசுக் கல்லூரியில் பட்டப் படிப்பையும் முடித்தார். சிறு சிறு அரசுப் பணிகளில் சில காலம் இருந்தபின், சென்னைச் சட்டக் கல்லூரியில் சேர்ந்து 1948-இல் சட்டம் பயின்று முடித்தார். சென்னையில் படித்த நாள்களில் பகுதிநேரமாக ஆசிரியப் பணி செய்தே தம் செலவைச் சமாளித்தார்.

அன்றைய சென்னை மாகாணத்தின் ராயலசீமையில், ஒரு மாலா இளைஞர் பட்டமும் சட்டமும் படித்து நிற்பது அரிதினும் அரிது. காங்கிரசின் கண்ணில் அவர் விரைவாகப் பட்டதற்கு இது ஒரு காரணம். 1950-இல் இடைக்கால நாடாளுமன்றத்தில் உறுப்பினரானார். 1952 பொதுத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். ராஜாஜி அமைத்த அமைச்சரவையில் 31 வயதில் அமைச்சரானார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்து கர்னூல் அதன் தலைநகரானபோது, பிரகாசம் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். தொடர்ந்து கோபால ரெட்டி, நீலம் சஞ்சீவ ரெட்டி ஆகியோரின் அமைச்சரவைகளிலும் அவர் இருந்தார். முதல்வர்கள் மாறியபோதும் அவர் அமைச்சராகத் தொடர்ந்தார். எந்தக் கோஷ்டிக்கும் அவர் அச்சுறுத்தலாகத் தோன்றவில்லை என்பதே அதன் பொருள். அதுவே அவருடைய வாய்ப்பாகவும் எல்லையாகவும் அமைந்தது.

கைமாறிய அதிகாரம்

அவர் அரசியலுக்கு வந்த காலத்தில் ஆந்திரத்தின் மேல்தட்டே உருமாறிக்கொண்டிருந்தது. விடுதலைக்கு முன் அங்கே காங்கிரசின் முகங்களாக இருந்தவர்கள் பிரகாசம், பட்டாபி சீதாராமய்யா போன்ற பார்ப்பனத் தலைவர்கள். 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் பழைய ஜமீன்தார்களின் பிடியைத் தளர்த்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்ட கோதாவரி, கிருஷ்ணா அணைக்கட்டுகளின் பாசனத்தால் டெல்டா மாவட்டங்களில் கம்மா சாதி உழவர்கள் செல்வம் பெற்றனர். ராயலசீமையிலும் நெல்லூரிலும் தெலங்கானாவிலும் ரெட்டி நிலவுடைமையாளர்களின் கை ஓங்கியது. ஆந்திர காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவிக்கு 1951-இல் நடந்த போட்டியில், கம்மா சமூகத்தின் என்.ஜி.ரங்காவை நீலம் சஞ்சீவ ரெட்டி வென்றார். 1956 நவம்பர் 1 அன்று ஆந்திரப் பிரதேசம் உருவானபோது, அதன் முதல் முதல்வராகப் பொறுப்பேற்றவரும் அவரே.

1959-இல் ஆந்திரத்தில் பஞ்சாயத்து ராஜ் அமைப்பு நடைமுறைக்கு வந்தது. பஞ்சாயத்து சமிதிகளும் மாவட்டப் பரிஷத்துகளும் கூட்டுறவுக் கடன், சாலைப் பணி, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றின் வாயில்களாயின. கிராமத்தில் நிலம் வைத்திருந்தவரே சமிதித் தலைவரானார். அவரே சட்டமன்ற வேட்பாளரைத் தீர்மானிப்பவராகவும் ஆனார். பின்னாளில் நாம் வாரிசு அரசியல் என்று அழைக்கும் மரத்தின் வேர் இங்கேதான் ஊன்றியது. நிலமும் சமிதியும் ஒப்பந்தமும் ஒரே குடும்பத்தில் சேர்ந்துவிட்டால், அரசியலும் சொத்தைப்போலவே தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும்.

இந்த அமைப்பில் தலித்துகளுக்கு என்ன இடம் இருந்தது? 1932-இன் பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதிகளுக்குப் பதிலாகக் கூட்டுத் தேர்தலில் ஒதுக்கீட்டு இடங்களைத் தந்திருந்தது. விடுதலைக்குப் பின்னான முதல் தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரே தொகுதியில் பொது இடத்துக்கு ஒருவர், ஒதுக்கீட்டு இடத்துக்கு ஒருவர் என இருவர் தேர்வாவார்கள். நடைமுறையில் பொது இடத்து வேட்பாளரே தமக்கு இசைவான துணை வேட்பாளரைத் தேர்ந்துகொண்டார். 1957-இல் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் இந்தக் கணக்கு தவறியது. அங்கே பழங்குடி வேட்பாளர் சூரி தோரா கூடுதல் வாக்குகள் பெற்றுப் பொது இடத்தையே வென்றார். தோற்றவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. உச்ச நீதிமன்றமும் தோராவின் வெற்றி செல்லும் என்றது. அதன்பின் 1961-இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டன. ஒதுக்கீட்டு இடத்துக்கு வந்தவர் பொது இடத்தையும் வெல்லக்கூடும் என்று தெரிந்தபின் அந்த முறை நீடிக்கவில்லை.

1960: எவருக்கும் சொந்தமில்லாத ஆள்

1960 தொடக்கத்தில் சஞ்சீவ ரெட்டி அகில இந்திய காங்கிரஸ் தலைவராகி டெல்லிக்குச் சென்றார். அவர் விட்டுச்சென்ற நாற்காலிக்காக மாநில காங்கிரசின் கோஷ்டிகள் மோதின. இந்தக் கோஷ்டிகளின் தலைமையில் பெரும்பாலும் ரெட்டி சமூகத்தினரே இருந்தனர். ஒருவர் வந்தால் மற்றவர் நிலைகுலைவார் என்ற நிலை. ஒரு ரெட்டி தலைவரின் வெற்றி இன்னொரு ரெட்டி தலைவரின் வீழ்ச்சியாக முடியும் என்பதால், சொந்தக் கோஷ்டி இல்லாத ஒருவரை எல்லாரும் ஏற்க முடிந்தது. 38 வயதில் சஞ்சீவய்யா முதல்வரானார்.

இதனாலேயே அவரைப் பொம்மை முதல்வர் என்று எண்ணுவோமானால் அது பெரும் பிழையாகும். கிடைத்த 26 மாதங்களை அவர் வீணாக்கவில்லை. முதியோர் ஓய்வூதியத் திட்டம் அவர் காலத்தில் தொடங்கியது. ஆதரவற்ற முதியவர்களுக்கு அரசு மாதந்தோறும் பணம் தருவது அன்று நாட்டில் மிகச் சில இடங்களிலேயே இருந்தது. நிலமற்றோருக்கு அரசு நிலங்களை வழங்கும் பணியை முடுக்கினார். 1961 ஜனவரியில் ஊழல் தடுப்புப் பிரிவு தனித் துறையாக உருவெடுத்தது. காப்பு சமூகத்தினரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்ததும் அவருடைய ஆட்சியே. பின்வந்த ஆட்சிக் காலத்தில் அது நீக்கப்பட்டது. அந்தச் சமூகம் இன்றும் அதே கோரிக்கையோடு போராடும்போது சஞ்சீவய்யாவின் பெயரைச் சொல்லியே கேட்கிறது.

இந்த முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் அரசியல் நோக்கம் புலப்படுகிறது. நிலமற்றோர், முதியோர், பிற்படுத்தப்பட்டோர் என்று, சமிதிகளிலும் கோஷ்டிகளிலும் குரலில்லாத மக்களையே அவர் ஆட்சி நாடியது. தமக்கென ஒரு தளம் இல்லாத முதல்வர், அரசு ஆணைகளின் வழியாக அத்தகைய தளத்தை உருவாக்க முயன்றார் என்று நாம் இதைப் படிக்கலாம். அந்தத் தளம் இறுகுவதற்குத் தேவைப்பட்ட காலம் அவருக்குத் தரப்படவில்லை.

அவரைப் பற்றி ஆந்திரத்தில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அவர் கோடி கோடியாகச் சேர்த்துவிட்டார் என்று எதிரிகள் நேருவிடம் புகார் செய்ய, உண்மையறிய வந்தவர் பெத்தபாடு சென்று பார்த்தாராம். அங்கே முதல்வரின் தாய் குடிசை வாசலில் மண்பானையில் சமைத்துக்கொண்டிருந்தாராம். இக்கதை எந்த அளவு உண்மையாயினும், அது சொல்லப்படும் விதத்தை நாம் கவனிக்க வேண்டும். நிலமும் ஒப்பந்தங்களும் குவித்த குடும்பங்களிடம் எவரும் போய்ப் பானையைச் சோதித்ததாகக் கதை இல்லை. தலித் முதல்வர் மட்டும் தம் வறுமையைச் சான்றாகக் காட்ட வேண்டியிருந்தது.

1962: வென்றவரும் அமர்ந்தவரும்

1962 பிப்ரவரியில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. சஞ்சீவய்யா முதல்வராக இருக்க, காங்கிரஸ் 300 இடங்களில் 177 இடங்களை வென்று தனிப் பெரும்பான்மை பெற்றது. முக்கிய எதிர்க்கட்சியான இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 51 இடங்களில் நின்றுவிட்டது. பொதுவாக, ஆளும் கட்சியை வெற்றிக்கு அழைத்துச் சென்ற முதல்வரே மீண்டும் பதவியேற்பார். ஆந்திரத்தில் அப்படி நடக்கவில்லை. டெல்லியிலிருந்து சஞ்சீவ ரெட்டி திரும்பி வந்து 1962 மார்ச் 12 அன்று மீண்டும் முதல்வரானார். அவர் விட்டுவந்த அகில இந்திய காங்கிரஸ் தலைவர் பதவி சஞ்சீவய்யாவுக்குத் தரப்பட்டது.

இரண்டு நாற்காலிகள், இரண்டு மனிதர்கள், ஈராண்டு இடைவெளியில் நேருக்கு நேர் இடமாற்றம். தலித் ஒருவர் காங்கிரசின் தேசியத் தலைவரானது அதுவே முதல்முறை என்று அது கொண்டாடப்பட்டது. அந்தக் கொண்டாட்டத்தில், தேர்தலில் வென்ற முதல்வர் ஏன் விலக வேண்டும் என்ற வினா அமுங்கிப்போனது. நேரு பிரதமராக இருந்த காலத்தில் கட்சித் தலைவர் பதவிக்குப் பெருமை உண்டு. ஆணை பிறப்பிக்கும் வலிமை இல்லை. மாநில முதல்வரின் கையில் நிலமும் நியமனமும் நிதியும் இருந்தன.

சஞ்சீவ ரெட்டியின் இரண்டாம் ஆட்சியும் நீடிக்கவில்லை. கர்னூல் மாவட்டப் பேருந்து வழித்தடங்களை நாட்டுடைமையாக்கிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு அரசுக்கு எதிராக அமைந்ததைத் தொடர்ந்து, 1964 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். அப்போது நாற்காலி காசு பிரம்மானந்த ரெட்டியிடம் சென்றது. ஆட்சி நடத்திய அனுபவமும் தேர்தலில் வென்ற வரலாறும் உடைய முன்னாள் முதல்வரிடம் அது திரும்பி வரவில்லை. கோஷ்டிகள் தமக்குள் ஒரு தீர்வு கண்டுவிட்டால் பொது ஆளுக்குத் தேவை இருப்பதில்லை.

டெல்லி ஆண்டுகள்

காமராசர் 1964-இல் காங்கிரஸ் தலைவரானபோது அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்தவர் சஞ்சீவய்யாதான். தமிழ் வாசகர்களில் பலர் இதை அறிந்திருப்பதில்லை. அவ்வாண்டு ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி அமைச்சரவையில் அவர் தொழிலாளர் நலத்துறை அமைச்சரானார். போனஸ் வழங்கல் சட்டம் 1965-இல் நிறைவேறியது அவர் பொறுப்பில்தான். நிறுவனம் இலாபம் ஈட்டினாலும் ஈட்டாவிட்டாலும் தொழிலாளிக்குக் குறைந்தபட்சம் 4 விழுக்காடு போனஸ் என்ற சட்ட உரிமை அதன் வழியே வந்தது. இன்று தீபாவளிக்கு முன் ஆலைத் தொழிலாளர்கள் வாங்கும் போனசுக்குப் பின்னால், நிலமற்ற மாலா குடும்பத்திலிருந்து வந்த ஓர் அமைச்சரின் உழைப்பும் இருக்கிறது.

இந்திரா காந்தி காலத்தில் தொழில் துறையையும், 1970-இல் மீண்டும் தொழிலாளர் துறையையும் கவனித்தார். 1971-இல் ஜெகஜீவன்ராமுக்கு அடுத்து இரண்டாம் முறையாகக் காங்கிரஸ் தலைவரானார். 1969-இன் பிளவுக்குப் பின் கட்சியின் அதிகாரம் முழுவதும் பிரதமரிடம் குவிந்திருந்த காலம் அது. அடுத்தடுத்து இரு தலித்துகள் தலைவர்களான வேளையில் அந்தப் பதவியின் வலிமை வற்றியிருந்தது. 1972 மே மாதத்தில், பதவியில் இருக்கும்போதே, 51 வயதில் சஞ்சீவய்யா காலமானார். சொத்துக் குவிப்பு இல்லை, நாளிதழ் இல்லை, சர்க்கரை ஆலை இல்லை, அவர் குடும்பத்திலிருந்து அரசியல் வாரிசும் எழவில்லை.

வாரிசுகள் வந்தார்கள்

அவருக்குப் பின் ஆந்திர அரசியல் குடும்பங்களின் கதையாயிற்று. அவருடைய கர்னூல் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இருமுறை முதல்வரான கோட்லா விஜயபாஸ்கர ரெட்டியின் மகன் ஜெயசூர்ய பிரகாஷ் ரெட்டி மக்களவை உறுப்பினராகவும் ஒன்றிய இணையமைச்சராகவும் இருந்தார். மருமகள் சட்டமன்ற உறுப்பினரானார். 2024-இல் அதே மகன் தெலுங்கு தேசம் சார்பில் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். கட்சி மாறியும் குடும்பத்தின் செல்வாக்கு அகலவில்லை.

1983-இல் என்.டி.ராமராவ் காங்கிரசை வீழ்த்தியபோது அதிகாரம் ரெட்டி தலைமையிடமிருந்து கம்மா தலைமைக்கு நகர்ந்தது. 1995-இல் அது மாமனாரிடமிருந்து மருமகன் சந்திரபாபு நாயுடுவிடம் போனது. 2004-இல் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டியிடம் வந்தது. 2019-இல் அவர் மகன் ஜெகன்மோகன் 175-இல் 151 இடங்களை வென்றார். 2024-இல் அவர் கட்சி 11 இடங்களாகச் சுருங்க, நாயுடு மீண்டும் வந்தார். தெலங்கானாவில் தலித் ஒருவரே முதல் முதல்வர் என்று வாக்களித்திருந்த சந்திரசேகர ராவ், 2014-இல் தாமே முதல்வரானார். மகனும் மகளும் அரசியலுக்கு வந்தனர்.

மேல்தட்டு மாறினால் அடித்தட்டு மூச்சுவிடலாம் என்று சிலர் நம்பினார்கள். வரலாறு வேறு விடை தந்தது. தெலுங்கு தேசம் ஆண்ட 1985 ஜூலை 17 அன்று காரம்சேடுவில் கம்மா சாதியினரின் தாக்குதலில் 6 தலித்துகள் கொல்லப்பட்டனர். காங்கிரஸ் ஆண்ட 1991 ஆகஸ்ட் 6 அன்று சுண்டூரில் ரெட்டி சாதியினரின் தாக்குதலில் 8 தலித்துகள் கொல்லப்பட்டனர். இரு கட்சி, இரு சாதி. கொல்லப்பட்டவர்கள் ஒரே சேரியினர். காரம்சேடுவுக்குப் பின் கத்தி பத்மாராவும் பொஜ்ஜா தாரகமும் முன்னின்று கட்டிய தலித் மகாசபை, ஆதிக்கக் கட்சிகளுக்கு வெளியே ஓர் அமைப்பு தேவை என்பதை அந்தக் குருதியிலிருந்தே கற்றது.

மீண்டும் மீண்டும் அதே காட்சி

1962-இன் காட்சி ஆந்திரத்தோடு முடிந்துவிடவில்லை. மகாராஷ்டிரத்தில் விலாஸ்ராவ் தேஷ்முக்கின் இரு ஆட்சிகளுக்கு இடையே, 2003 ஜனவரியில் சுஷில்குமார் ஷிண்டே முதல்வரானார். 2004 தேர்தலில் அவர் தலைமையிலான கூட்டணி வென்றது. வென்றபின் தேஷ்முக் திரும்பி வந்தார். ஷிண்டே ஆளுநராக அனுப்பப்பட்டார், அதுவும் சஞ்சீவய்யாவின் ஆந்திரத்துக்கு. பீகாரில் நிதிஷ்குமாரின் இரு ஆட்சிகளுக்கு இடையே, 2014 மே முதல் 2015 பிப்ரவரி வரை ஜீதன்ராம் மாஞ்சி இருந்தார். மூன்று மாநிலம், மூன்று காலம். விலகியவரே திரும்ப வரும்வரை நாற்காலியைக் காக்கும் பொறுப்பு ஒரு தலித்திடம் தரப்பட்டது.

இதற்குத் தனிமனிதர்களைப் பழிப்பதில் பயனில்லை. சஞ்சீவய்யாவுக்குத் திறமை இருந்தது, நேர்மை இருந்தது, மக்கள் வாக்கும் இருந்தது. இல்லாதது, அவரை விலக்கினால் நாம் விழுவோம் என்று கட்சியை அஞ்சவைக்கும் சொந்த அமைப்பு. இன்று ஆந்திரத்தின் 175 சட்டமன்றத் தொகுதிகளில் 29 பட்டியல் சாதியினருக்கு உரியவை; தெலங்கானாவின் 119-இல் 19. இந்த 48 இடங்களிலும் வெற்றி பெறுபவர்கள் தலித்துகளே. ஆனால் அவர்களுக்குச் சீட்டு வழங்கும் கையெழுத்து ஒரு சில குடும்பங்களின் வரவேற்பறைகளில் இடப்படுகிறது.

ஆகவே ஏதேனும் ஒரு கட்சி தலித் முதல்வரை, தலித் தலைவரை அறிவிக்கும்போது நாம் கேட்க வேண்டிய வினாக்கள் சில உண்டு. வேட்பாளர் பட்டியலில் கையெழுத்திடும் உரிமை அவருக்கு உண்டா? பொதுத் தொகுதிகளில் எத்தனை தலித்துகள் நிறுத்தப்படுகிறார்கள்? தேர்தலில் வென்றபின்னும் அவரே தொடர்வார் என்று கட்சி எழுதித் தருமா? 1962 மார்ச் மாதத்தில் இவற்றைக் கேட்கும் வலிமை பெற்ற இயக்கம் ஆந்திரத்தில் இல்லை. அந்த வலிமையை நாம் கட்டி எழுப்பும்வரை, சஞ்சீவய்யாவின் பெயர் பூங்காக்களின் வாயிலில் இருக்கும்; நாற்காலி வேறொருவரின் வீட்டில் இருக்கும்.